பஸ்ஸை ஜெயித்த முட்டி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் பொன்முடியில் ஒரு பஸ்ஸோடு ஓட்டப்பந்தயம் வைத்து நான் ஜெயித்தேன். பந்தயம் நடப்பது பஸ்ஸுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆபீஸிலிருந்து எல்லோரும் ஒரு பஸ் பிடித்து மலைக்குப் போயிருந்தோம். திரும்பி இறங்கும்போது கொண்டையூசி வளைவுகளில் இரண்டு பேருக்கு வயிற்றைப் புரட்டி, வண்டியை ஓரம் கட்டினார்கள். கீழே பார்த்தேன். அடுத்த வளைவு தேயிலைச் செடிகளுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. இலை பறிக்கிறவர்கள் போகிற ஒற்றையடிப் பாதையும் இருந்தது. "பஸ் சுத்தி வரதுக்குள்ள நான் இப்படியே எறங்கி அங்க நிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் மட்டும் மலையாளத்தில், "நின்னால் ஒரு மசாலதோச" என்றார். அது போதாதா?

ரப்பர் செருப்போடு ஓடினேன். பஸ் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தும் விட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. பாதை முடிகிற இடத்தில் ரோட்டுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கல்சுவர். நான் அதன்மேல் நின்றேன். பஸ் வளைவில் திரும்பியது, ஜன்னலெல்லாம் தலைகள், டிரைவர் வேறு ஹாரன் அடித்து வாழ்த்தினார். இத்தனை மரியாதைக்குப் பதிலாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். உடம்பு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பியது. வலது பாதம் மட்டும் தரையில் நட்டபடி நின்றுவிட்டது. முட்டிக்குள் முற்றின முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். நான் ஜெயித்த பஸ்ஸிலேயே நாலு பேர் என்னைத் தூக்கி ஏற்றினார்கள்.

வித்துரா வருவதற்குள் முட்டி இளநீர் மாதிரி வீங்கிவிட்டது. யாரோ ஐஸ் வைக்கணும் என்றார்கள். சந்தையில் ஐஸ் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், மீன்காரர். பாவம், நல்ல மனுஷர், கேட்டவுடன் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அள்ளிக் கொடுத்தார். திருவனந்தபுரம் வரை அது என் முட்டியில் உருகி வேட்டியில் வழிந்தது.

நாங்கள் இருப்பது கோட்டைக்குள், அக்ரஹாரத்தில். எங்கள் தெருவில் யாராவது வெங்காயம் வதக்கினாலே இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்பார்கள். அந்தத் தெருவில் விளக்கு வைக்கிற நேரத்தில், இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு நான் போய் இறங்கினேன். வாசலில் மனைவி, இடுப்பில் மூன்று வயது மகள். மனைவி என் காலைப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைச் சுளித்தாள்.

"ஏன்னா, என்ன நாத்தம் இது?"

"முட்டி" என்றேன்.

"முட்டிக்கு மீன் நாத்தமா?"

மகள் கைதட்டிச் சிரித்தாள். அப்பா ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். நானும் மறுக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. போன தை மாதம் அந்த மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாலி கட்டும் நேரத்தில் பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அப்பா நெல் மூட்டையின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்குப் பல மண்டபங்களில் நாற்காலி போட்டுவிடுகிறார்கள், ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்னும் மூட்டைதான். என் மாமனார் மூட்டையில் கம்பீரமாக உட்கார்ந்து எனக்குப் பெண் கொடுத்த போட்டோ கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸை ஜெயித்த முட்டி இதற்கு ஈடு கொடுக்குமா என்பதுதான் ஒரு வருஷமாக எங்கள் வீட்டின் கேள்வி.

அன்றைக்கு முட்டிக்குள் அறுந்தது எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார். கூடவே உள்பக்கத்து மெத்தை போன்ற குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு நாரை எடுத்து, அறுந்த இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். கிழிந்த மெத்தையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் அதிகம் பேசாதவர். "கயறு நம்மள் கெட்டித் தராம். பாக்கி தன்றெ கையிலா" என்றார். கயிறு கட்டுவது எங்கள் வேலை, மீதி உன் கையில் என்று அர்த்தம். "மீதி காலில்தானே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை நான் அவர் சொன்னதைக் கேட்டிருப்பேன்.

ஆனாலும் அந்த மூன்று மாதங்களைப் போல ஒரு காலம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. கூடத்தில் கட்டில் போட்டு, தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரு பட்டைச் சட்டத்துக்குள் காலை வைத்துப் படுத்திருப்பேன். எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். அடுக்களையில் மனைவி தாளிப்பது கேட்கும், வாசனை சாவகாசமாக நடந்து கூடத்துக்கு வரும். காலை பத்து மணிக்குத் தெரு இப்படி இருக்கும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு மாமி அப்பளத்தை உலர்த்திவிட்டுக் காக்காயோடு மலையாளத்தில் சண்டை போடுவாள். மனுஷர்களோடு சண்டை என்றால் தமிழ்தான்.

குதிகாலைத் தலையணைமேல் தூக்கி வைத்து முட்டியை நேராக நீட்ட வேண்டும் என்பது முக்கியமான பயிற்சி. முட்டிக்கு மேலே ஒரு கிலோ, இரண்டு கிலோ கனம் வைத்தால் இன்னும் நல்லது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மணல்மூட்டைக்கு எங்கே போவது? மகள் தானாகவே ஏறித் தொடைமேல் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு கிலோ. "இது ஜாஸ்தியாக்கும்" என்று மனைவி கத்துவாள். மகள் இறங்க மாட்டாள். வலிக்கும். ஆனால் அவள் உட்கார்ந்தபடியே சப்போட்டா சாப்பிட்டுக்கொண்டு கதை சொல்லுவாள், அதைக் கேட்க வேண்டாமா?

அடுத்த பயிற்சி, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடிப்பது. எண்ணுகிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவள் கணக்கில் "ஒண்ணு, ரெண்டு, மூணு"க்கு அப்புறம் நேராக "பத்து" வரும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்தேன் என்று ஆஸ்பத்திரியில் பெருமையாகச் சொன்னேன். தசை தேறியிருக்கிறதா என்று தொடையை அளந்து பார்த்த பயிற்சி அம்மாள், "ஆரா எண்ணியது?" என்று கேட்டார். யார் எண்ணினது என்று. நான் குழந்தையைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஸ்கூட்டர் ஓட்ட முடிந்தது. அவ்வளவுதான், பயிற்சிக்கு ஒரு கும்பிடு. ஒரு வருஷமாவது விடாமல் செய் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டம் ஓட்டமெல்லாம் ஒன்பது மாதத்துக்குப் பிறகுதான், அதுவும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் என்றும் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் மாதம் நான் தெருக்கோடியில் இளவட்டங்களோடு ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தேன். கயிறு அறுந்ததா? இல்லை. கெட்டிக்காரக் கயிறு. அதனாலேயே எனக்குப் புத்தி வரவில்லை. கயிறு நன்றாக இருந்தால் முட்டி நன்றாக இருக்கிறது என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டி பேச ஆரம்பித்தது ஐம்பதுக்குப் பிறகு. காலையில் எழுந்தால் பத்து நிமிஷம் கதவின் துருப்பிடித்த கீல் மாதிரி. மாடிப்படி ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது கடகட. எக்ஸ்ரே எடுத்தார்கள். புது டாக்டர், சின்ன வயசுக்காரர், படத்தை வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கத்து இடைவெளி குறுகியிருப்பதைக் காட்டினார். ஒருமுறை அப்படி அடிபட்ட முட்டி, கயிறு சரியாகக் கட்டினாலும் சீக்கிரம் இப்படி ஆகலாம் என்றார். மெத்தையில் துண்டு போனது வேறு. "தேய்மானம்" என்றார் கடைசியில்.

இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. எங்கள் ஊரில் தமிழிலும் மலையாளத்திலும் அது ஒரே வார்த்தை. எந்தப் பாஷையில் கேட்டாலும் மனசில் வருவது ஒரே படம், செருப்பின் அடி. தேய்ந்த செருப்பை என்ன செய்வோம்? குறைவாகப் போடுவோம். பரணில் வைப்போம். ஆகவே நான் முட்டியைச் சேமிக்க ஆரம்பித்தேன். தெருமுனைக் கோயிலுக்கு ஆட்டோ. நான் ஏறுவதற்கு முன்பே டிரைவர் இறங்கச் சொல்கிற தூரம். செய்தித்தாளை எடுக்கக்கூட மனைவிதான் வாசலுக்குப் போனாள். டாக்டர் அன்றைக்கே நடக்கச் சொல்லி, எடையைக் குறைக்கச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் தேய்மானம் என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

இரண்டு வருஷம் இப்படி. முட்டி சேமிப்பில் இருந்தது, வயிறு வளர்ந்தது. சேமித்த முட்டியோ முன்னைவிட மோசம். சோபாவிலிருந்து எழுந்திருக்க மேஜையையும் மனைவியையும் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தது. அந்த நேரத்தில்தான் மகளுக்கு வரன் அமைந்தது.

"மடியில் வெச்சுக்க ஒங்களால ஆகாது" என்றாள் மனைவி. "உங்க தம்பி உக்காரட்டும். சித்தப்பான்னா அப்பா மாதிரிதானே."

என் தம்பி பம்பாயில் இருக்கிறான். என்னைவிட நாலு வயது சின்னவன், தினமும் ஐந்து மைல் ஓடுகிறவன், அதை போட்டோ எடுத்துக் குடும்பத்துக்கே அனுப்புகிறவன். நான் பதில் சொல்லுவதற்கு முன்பே மகள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சித்தப்பா மடியில நான் உக்கார மாட்டேன். அப்பான்னா அப்பா. இல்லேன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ் மதி."

மதி என்றால் எங்கள் ஊரில் போதும் என்று அர்த்தம். மனைவிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் என்ற வார்த்தை தாங்கவில்லை. மறுநாளே என்னை முட்டிப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண்ணிடம் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்தப் பெண் மலையாளி, முப்பது வயது இருக்கும். என்னை "அங்கிளே" என்று கூப்பிட்டதிலேயே பாதி நோயாளியாகிவிட்டேன். என்ன வேண்டும் என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் பதற்றம். மகளின் கல்யாணத்தன்று மூட்டையில் உட்கார வேண்டும் என்பதைத் தமிழும் மலையாளமுமாகக் கலந்து சொன்னேன்.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். "மூட்டயிலோ? கல்யாணத்தினோ?"

அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் மூட்டை என்றால் மூட்டைப்பூச்சி. பிறந்தது முதல் இந்த ஊரில் இருக்கிறேன், இரண்டு பாஷையும் வீட்டுப் பாஷை, ஆனாலும் வாய் தன் பாட்டுக்கு ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்குக் குதித்துவிடும். காலுக்கும் எனக்கும் அதே வழக்கம்தானே. நெல் சாக்கு என்று விளக்கின பிறகு அவள் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு முட்டியை மடக்கிப் பார்த்தாள். நாற்காலி உயரத்துக்கு மடங்கியது, அதற்குக் கீழே ஒரு விரல்கூட இறங்கவில்லை.

தேய்மானம், சேமிப்பு, ஆட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்பப் பொறுப்பாக இருந்திருக்கிறேன் என்று அவள் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அங்கிளே, இது செருப்பல்ல. ஜீவனுள்ள சாதனமா" என்றாள். உயிருள்ள பொருள். அசையாமல் வைத்தால்தான் கெடும், தொடைத் தசை இளைத்தால் கனமெல்லாம் எலும்பின்மேல் விழும், நடந்தால் முட்டிக்குள் எண்ணெய் போட்டது மாதிரி என்றாள். போனது திரும்பி வராது. இருப்பதை வைத்து நன்றாக ஓட்டலாம். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன் தொடையை அளந்த அம்மாள் சொன்னதும் இதுதான் என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைவு வந்தது. அந்த அம்மாள் இப்போது எங்கே இருக்கிறாரோ. போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது, ஆனால் மீண்டும் தொடையை அளப்பார் என்று பயமாக இருந்தது.

பிறகு எட்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். நம்ப மாட்டீர்கள், என் வீட்டிலும் நம்பவில்லை. சாயங்காலம் கோயில் குளத்தைச் சுற்றி நடை. முதலில் ஒரு சுற்று, பிறகு நாலு. ராத்திரி சோறு போய் இரண்டு சப்பாத்தி. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது, பத்துப் பத்தாக. இந்தத் தடவை எண்ணினது மனைவி. அவள் கணக்கில் ஏழுக்கு அப்புறம் எட்டு வராது, திரும்ப ஆறு வரும்.

கடைசி மாதம் ஒத்திகை. பத்து கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டி முனகியது, ஆனால் தாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கெட்டிமேளத்தை மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முகூர்த்தம் ஆச்சா?" என்றாள் மனைவி. "அரிசியை எறக்கினேள்னா உலை வெப்பேன்."

மூட்டை மட்டும் பாக்கி. ஒரு மூட்டை என் முட்டிக்குத் தாழ்வு, இரண்டு அடுக்கினால் சரியாக இருக்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். சாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பழக்கமான அரிசி மண்டிக்குப் போனேன். முதலாளி நாஞ்சில் நாட்டுக்காரர், என்னை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன கடை. அதே சணல் வாசனை, தும்மல் வரவழைக்கிற அதே தவிட்டுத் தூசு. உள்ளே போனதும், அந்த நாளில் மூட்டைக்கு மூட்டை தாவி விளையாடி அப்பாவிடம் குட்டு வாங்கினது நினைவு வந்து உச்சந்தலையைத் தடவிக்கொண்டேன். இப்போது தாவவில்லை. ஒவ்வொரு அடுக்காக உட்கார்ந்து பார்த்தேன். இது தாழ்வு. இது சாய்கிறது. இது பரவாயில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "சாமி அரிசி வாங்க வந்தீயளா, சிம்மாசனம் வாங்க வந்தீயளா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்று, கல்யாணப் பெண்ணுக்கு என்று தானே இரண்டு மூட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, சாயாத மூட்டைகளாக எடுத்து வைத்தார். "இதே உசரத்துக்கு நெல்லு மூட்டையா ஊர்லேருந்து வரவழைச்சித் தாரேன். பிள்ளைய கீழ போட்டுராதீங்க, என்ன?"

கல்யாணத்தன்று காலையில் முட்டி விறைப்புத்தான். மண்டபத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தேன். சமையற்காரர் பார்த்துவிட்டு, "அண்ணாவுக்கு வயத்துக்கு ஏதாவது?" என்று கேட்டார். மேடையில் இரண்டு மூட்டையும் அடுக்கி ஜமக்காளம் போட்டிருந்தார்கள். கையை ஊன்றாமல் உட்கார்ந்தேன். பக்கத்திலேயே தம்பி, பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆளை மாற்றினால் இறங்கத் தயாராக நின்றான். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூறைப்புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மகள் வந்து என் மடியில் உட்கார்ந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. வலி இல்லை, கடகட இல்லை. மந்திரம் நீண்டது, மாப்பிள்ளை முடிச்சில் தடுமாறினார், நாத்தனார் மீதி இரண்டு முடிச்சையும் சாவகாசமாகப் போட்டாள், ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. மகளின் கழுத்தெல்லாம் வேர்வை. நான் மட்டும் மலை மாதிரி இருந்தேன். எட்டு மாதமாக நடந்த நடை, தின்ற சப்பாத்தி, எல்லாம் இதற்குத்தான் என்று நெஞ்சு விம்மியது. சுவரில் தொங்குகிற மாமனாரை நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன். மேளச் சத்தம் அடங்கினதும் எனக்கு அடக்க முடியவில்லை. அவள் காதோடு சொன்னேன்.

"பாத்தியாடீ கொழந்தே, முட்டி அசையல்லை. உன் கனமே தெரியல்லை எனக்கு."

அவள் குனிந்த தலை நிமிராமல் பல்லிடுக்கில் சொன்னாள்:

"நான் உக்காரவே இல்லேப்பா."